92 வயதில் ஹைஸ்கூல் டிப்ளமா

அன்புள்ள ஐயா,

ஒஹையோவில், கொலம்பஸ் அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 92 வயது. 1951-ல் பதினோராம் வகுப்போடு பள்ளியை விட்டு ராணுவத்தில் சேர்ந்து கொரியாவுக்குப் போனவர். அவர் மனைவியும் மறு வருடம் படிப்பை நிறுத்தி, வீட்டுக்காகத் தொழிற்சாலை வேலைக்குப் போனாராம். இப்படிப்பட்ட படைவீரர்களுக்குப் பள்ளி வாரியங்களே டிப்ளமா வழங்குகின்றன என்று கேள்விப்பட்டேன். ஜூன் மாதப் பட்டமளிப்பு விழாவில் அவரைத் திடீரென மேடையேற்றி மகிழ்விக்கலாமா என்று அவர் பேரனும் நானும் யோசிக்கிறோம்.

ஆனால் எனக்கே ஒரு உறுத்தல். தேர்வு எழுதாமல் தரும் சான்றிதழ், எழுதித் தேர்ந்தவர்களைக் கேலி செய்வது ஆகாதா? நம்மூரில் கௌரவ டாக்டர் பட்டம் படும் பாட்டைப் பார்த்தவன் என்பதால் கேட்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற என் அம்மாவுக்குத் தமிழ்நாட்டில் இப்படி ஏதும் உண்டா என்றும் சொல்லுங்கள்.

கொலம்பஸ் வாசகர் (பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

கௌரவ டாக்டர் பட்டத்தோடு இதை ஒப்பிடாதீர்கள். அது ஒருவர் பெரிய மனிதர் ஆனபின் தருவது. இது ஒருவருக்குப் பள்ளி எப்படிக் கைவிட்டுப் போனது என்று பார்த்துத் தருவது. இந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை வயதைக் கேட்பதில்லை. படிப்பு எந்தத் தேதியில், எதனால் அறுந்தது என்றுதான் கேட்கின்றன. பெறுகிறவர்கள் முதியவர்களாக இருப்பதற்குக் காரணம், சட்டம் வர அத்தனை காலம் ஆயிற்று என்பதுதான்.

வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டியை (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எடுத்துக்கொள்ளுங்கள். 1951-ல் அங்கே மோட்டன் உயர்நிலைப் பள்ளியின் கறுப்பின மாணவர்கள், பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண்ணின் தலைமையில் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினார்கள். அதிலிருந்து கிளைத்த வழக்கு, பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற 1954-ன் புகழ்பெற்ற பிரவுன் தீர்ப்புக்குள் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்று. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே பள்ளியில் படிக்க வேண்டும் என்று நீதிமன்றம் நெருக்கியபோது, கவுன்டி நிர்வாகம் 1959-ல் பொதுப்பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடிவிட்டது. வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி முளைத்தது. கறுப்பினக் குழந்தைகளில் வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் படித்தார்கள், மற்றவர்களில் பலர் வயலுக்குப் போனார்கள். 1964-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே பொதுப்பள்ளிகள் திறந்தன. இவர்களுக்குப் பள்ளி வாரியம் 2003-ல் கௌரவ டிப்ளமா வழங்கியது. இங்கே தேர்ச்சி பெறாமல் போனது மாணவரா, கவுன்டியா?

கலிபோர்னியாவின் கதையும் இந்த வகைதான். ஜப்பானோடு போர் நடந்த நேரத்தில், 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் ஆணையின்படி ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்த வசந்தத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கச் சில வாரங்களே இருந்த பிள்ளைகள் அவர்களில் உண்டு. அவர்களுக்கு முன்தேதியிட்டு டிப்ளமா வழங்கப் பள்ளி மாவட்டங்களை (ஒரு வட்டாரத்துப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகளை) அனுமதிக்கும் சட்டத்தை அந்த மாநிலம் 2003-ல்தான் இயற்றியது. அறுபது வருடம். இறந்தவர் பெயரிலும் வாங்கலாம் என்ற பிரிவு சட்டத்திலேயே இருப்பதன் காரணம் புரியும்.

படைவீரர்களின் உரிமை இவ்விரண்டு தரப்பினரின் உரிமை அளவுக்கு வலுவானது என்று சொல்ல மாட்டேன். திரும்பி வந்தவர்களுக்கென்றே 1942-ல், பள்ளிப் படிப்புக்கு இணையான ஜிஇடி தகுதித் தேர்வு உருவாக்கப்பட்டது. எழுத வழி இருந்தது. ஆனால் கொரியாவிலிருந்து இருபது வயதில் திரும்பியவன் முதலில் தேடியது வேலையை. பதினேழு வயதுப் பையனைப் பெற்றோர் கையெழுத்தோடு சேர்த்துக்கொண்ட அரசுக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல முடியாது. 1990-களின் இறுதியில் மாசசூசெட்ஸில் தொடங்கிய இந்த வழக்கம் மாநிலம் மாநிலமாகப் பரவியது அதனால்தான்.

உங்கள் உறுத்தலில் நியாயமான பகுதியும் உண்டு. காகிதத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு முடித்துவிடும் வாரியங்கள் இருக்கின்றன. பிரின்ஸ் எட்வர்டில் டிப்ளமாவோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே வர்ஜீனியா ஒரு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. ஜான் க்ளூகி என்ற செல்வந்தர் 10 லட்சம் டாலர் தர, மாநிலமும் அதே அளவு போட்டது. பள்ளி இழந்தவர்கள் ஜிஇடி முதல் கல்லூரிப் பட்டம் வரை அந்தப் பணத்தில் படிக்கலாம். இவ்வகை முயற்சிகளில் என் மதிப்பைப் பெற்றது அதுதான்.

இனி உங்கள் பெரியவர் காரியம்.

ஒஹையோ சட்டத்தில் இருப்பது 'வழங்கலாம்' என்ற சொல், 'வழங்க வேண்டும்' அல்ல. முடிவு உள்ளூர்ப் பள்ளி வாரியத்தின் கையில். பொதுவாக மூன்று விஷயம் பார்ப்பார்கள்: பள்ளியில் படித்துக்கொண்டிருந்து இடையில் விட்டாரா, ராணுவத்திலிருந்து கௌரவமான விடுவிப்பு பெற்றாரா, வேறெங்கும் டிப்ளமா வாங்காமல் இருக்கிறாரா. காலக்கெடு கேட்கும் மாநிலங்களில் பலர் தடுக்கி விழுவது 1953-ல். போர்நிறுத்தம் 1953 ஜூலை 27. ஆனால் மத்திய அரசின் கணக்கில் கொரியப் போர்க்காலம் 1950 ஜூன் 27 முதல் 1955 ஜனவரி 31 வரை. 1954-ல் சேர்ந்தவரைத் 'தகுதியில்லை' என்று குடும்பமே ஒதுக்கிவிடுவது நடக்கிறது. ராணுவத்தில் இருந்தபோது ஜிஇடி எழுதியிருந்தால் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. டெக்சாஸ் அதைத் தடையாகக் கருதுவதில்லை. உங்கள் படிவத்தில் அந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

சிக்கல் வரப்போவது விடுவிப்புப் பத்திரத்தில். டிடி-214 என்ற படிவம் அவர் காலத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது. வீட்டில் இருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் எல்லோரும் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எழுதச் சொல்வார்கள். எழுதலாம், ஆனால் 1973 ஜூலை 12 அன்று அங்கே பிடித்த தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் போய்விட்டன. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் ஆவணங்களில் 80 சதவீதம் அதில் அடக்கம். கடற்படை, மரைன் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் பெரியவர் தரைப்படை என்றால் கோப்பு சாம்பலாகி இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே அங்கே போகுமுன் கவுன்டி ரெக்கார்டர் அலுவலகத்தில் கேளுங்கள், நிலப்பத்திரம் பதியும் அதே அலுவலகம்தான். ஊர் திரும்பிய வீரர்கள் பலர் விடுவிப்புப் பத்திரத்தை அங்கே பதிந்து வைத்தார்கள். அந்தப் பதிவேட்டின் சான்றிட்ட நகல் போதும். அடுத்து கவுன்டி படைவீரர் சேவை அலுவலகம். ஒஹையோவின் 88 கவுன்டிகளிலும் ஒன்று உண்டு. அவர் எப்போதாவது ஓய்வூதியம், மருத்துவம், வீட்டுக்கடன் எதற்காவது விண்ணப்பித்திருந்தால் நகல் அங்கே கிடக்கலாம். டிப்ளமா விண்ணப்பப் படிவத்தையும் அங்கேயே கேட்டு வாங்கிவிடலாம்.

இரண்டு இடத்திலும் கிடைக்காவிட்டால் செயின்ட் லூயிஸுக்கு, ராணுவ ஆவணம் கோரும் எஸ்.எஃப்.-180 படிவம் அனுப்புங்கள். அதில் சமூகப் பாதுகாப்பு எண்ணை மட்டும் எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. தரைப்படை அந்த எண்ணுக்கு மாறியதே 1969-ல். அவருக்கு இருந்தது தனிச் சேவை எண். தானாகச் சேர்ந்தவர் என்றால் ஆர்.ஏ. என்றும், கட்டாய ஆள்சேர்ப்பில் வந்தவர் என்றால் யு.எஸ். என்றும் தொடங்கும். பழைய கடித உறை, கழுத்தில் போட்ட தகடு எதிலாவது இருக்கும். எண்ணையே மறந்த கிழவர்கள் குறைவு, கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். கோப்பு எரிந்திருந்தாலும் சம்பளச் சீட்டு போன்ற வேறு பதிவுகளை வைத்து, ராணுவத்தில் பணியாற்றியதற்கான சான்றிதழ் ஒன்றை மையம் தரும். அது டிடி-214-க்கு மாற்றாகச் செல்லும். விடுவிக்கப்பட்டு 62 ஆண்டு கடந்த கோப்புகள் பொது ஆவணம் ஆகிவிடுவதால், கட்டணம் கட்டி நீங்களே கூடக் கேட்கலாம்.

பள்ளிப் பதிவு அடுத்த தலைவலி. சிற்றூர்ப் பள்ளி என்றால் பிற்பாடு ஏதோ ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தோடு இணைத்திருப்பார்கள். பழைய பதிவட்டைகள் இணைந்த மாவட்டத்திடம் இருக்கும், இல்லையேல் கவுன்டி அளவிலான கல்வி அலுவலகத்தில். அதுவும் இல்லையென்றால் 1950, 1951 ஆண்டு மலர்களைப் பொது நூலகத்தில் தேடுங்கள். பத்தாம், பதினோராம் வகுப்புப் படத்தில் அவர் முகமும் பெயரும் இருந்தால், படித்ததற்கு ஆதாரமாக வாரியத்திடம் காட்டலாம். டிப்ளமாவில் எந்தப் பள்ளியின் பெயர் வர வேண்டும் என்பதை முன்கூட்டிப் பேசிவிடுங்கள். இப்போதைய பள்ளியின் பெயரை மட்டும் அச்சடித்துக் கொடுத்தால், தான் காலடி வைக்காத பள்ளியின் சான்றிதழ் அவர் கையில் இருக்கும். பழைய பள்ளியின் பெயரையும் '1952 வகுப்பு' என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பெரியவரின் மனைவியை மறந்துவிட்டீர்களே! ஒஹையோ சட்டம் இரண்டாம் உலகப் போர், கொரியா, வியட்நாம் காலங்களில் குடும்பத்தைத் தாங்க வேலைக்குப் போவதற்காகவோ, போர்க்காலப் பணிக்காகவோ பள்ளியை விட்ட பெண்களுக்கும் டிப்ளமா வழங்க இடம் தருகிறது. 1952 கொரியக் காலத்துக்குள் வருகிறது. ராணுவப் பத்திரம் எதுவும் வேண்டாம். பள்ளிப் பதிவும், ஏன் விட்டார் என்ற அவருடைய எழுத்துப்பூர்வமான கூற்றும் தயாராக இருக்கட்டும். பள்ளிப் பதிவு பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரில் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லாமல் தேடச் சொன்னால் 'அப்படி யாரும் படிக்கவில்லை' என்று பதில் வரும். டிப்ளமாவில் எந்தப் பெயர் வேண்டும் என்று அவரையே கேளுங்கள். இருவர் விண்ணப்பத்தையும் ஒரே கூட்டத்தில் வைக்கலாம்.

திடீர் மகிழ்ச்சி வேண்டாம். இதில் நான் கண்டிப்பாகச் சொல்வது இது ஒன்றுதான். அந்தத் தலைமுறையில் பலர் பள்ளி முடிக்காததை வேலை விண்ணப்பத்தில் மறைத்தவர்கள், பிள்ளைகளிடமே சொல்லாதவர்கள். உங்கள் பெரியவர் பேரனிடம் சொல்லியிருக்கிறார். மகளிடம் சொன்னாரா, தேவாலயத்து நண்பர்களிடம் சொன்னாரா என்பது உங்களுக்குத் தெரியாது. ஆயிரம் பேர் முன்னால் ஒலிபெருக்கியில் அதை அறிவிக்க அவர் சம்மதம் வேண்டும். தனியாக இருக்கும்போது கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சம்மதித்தால் விழா ஏற்பாடு. ஜூன் மாலையில் திறந்தவெளி விளையாட்டரங்கு, அலுமினியப் படிக்கட்டு இருக்கை, நானூறு பெயர் வாசிப்பு என்றால் 92 வயது உடம்பு தாங்காது. அவர் பெயரை முதலில் வாசித்து, அவர் விரும்பினால் உடனே கிளம்ப வழிசெய்யச் சொல்லுங்கள். மேடைக்குச் சாய்தளம் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள், தொலைபேசியில் 'இருக்கிறது' என்பார்கள். இல்லையேல் முதல்வர் கீழே இறங்கி வந்து கொடுப்பதே அழகு. அங்கிக்கு வசந்த காலத்திலேயே அளவு கேட்பார்கள். சக்கர நாற்காலியில் வருவார் என்றால் ஒரு அளவு குட்டையாகச் சொல்லுங்கள், நீளமான அங்கி சக்கரத்தில் சிக்கும். ஜூன்தான் என்றும் இல்லை. நவம்பர் 11, படைவீரர் நாளன்று பள்ளி அரங்கிலேயே கொடுக்கும் மாவட்டங்கள் உண்டு, உள்ளரங்கு என்பதால் எனக்கு அதுவே மேல் என்று படுகிறது. உடல்நிலை மோசம் என்றால் எதற்கும் காத்திருக்காமல், வாரியத்தின் அடுத்த மாதாந்திரக் கூட்டத்திலேயே தீர்மானம் போடக் கேட்டு, வீட்டிலேயே கொடுக்கச் சொல்லலாம்.

இந்த டிப்ளமாவில் பாட மதிப்பெண் ஏதும் ஏறாது. பெரியவருக்கு உண்மையிலேயே வகுப்பில் உட்கார ஆசை என்றால் அதற்கு வேறு வாசல் இருக்கிறது. ஒஹையோவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் 60 வயதைத் தாண்டிய மாநிலவாசிகள், இடம் இருந்தால், கட்டணமின்றி வகுப்பில் அமர்ந்து கேட்கலாம். தேர்வும் பட்டமும் இல்லை.

உங்கள் அம்மா விஷயம். இப்படி வாரியம் கூடித் தீர்மானம் போட்டு டிப்ளமா தரும் ஏற்பாடு தமிழ்நாட்டில் கிடையாது, பள்ளிச் சான்றிதழ் அரசுத் தேர்வோடு கட்டப்பட்டது. எழுத விருப்பம் இருந்தால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இன்னும் வசதி: உச்ச வயது வரம்பு இல்லை, தமிழில் எழுதலாம், ஐந்து ஆண்டுக்குள் பாடம் பாடமாக முடிக்கலாம். கேரளத்தில் 2018-ல் கார்த்தியாயினி அம்மா 96 வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 வாங்கினார். அது கௌரவம் இல்லை, எழுதி வாங்கியது. அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

ஜூன் விழாதான் வேண்டும் என்றால் விண்ணப்பம் பிப்ரவரிக்குள் வாரியத்திடம் போய்விட வேண்டும். ஏப்ரலில் கொடுத்தால் கூட்டம், தீர்மானம், அச்சு எல்லாம் முடிய நாள் போதாது. ரெக்கார்டர் அலுவலகத்துக்கு இந்த வாரமே போய் வாருங்கள். பெரியவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, சேவை எண் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். நகல் கிடைத்தால் சான்றிட்டதாக மூன்று வாங்குங்கள், ஒன்று வாரியத்துக்குப் போனால் திரும்பி வராது.