சிவப்புத் தரையில் விரிசலா? பித்தளைக் கோடாக்கிவிடுங்கள்

கேள்வி: கூடத்தில் ரெட் ஆக்சைடு தரை. நடுவே 3 மீட்டர் நீளத்துக்கு விரிசல் ஓடுகிறது. சிவப்புப் பொடி கலந்த சிமெண்ட் பாலை இருமுறை ஊற்றியும் உதிர்ந்துவிட்டது. டைல்ஸ் ஒட்ட மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சிமெண்ட் பால் காயும்போது சுருங்கும், மெல்லிய பிளவுக்குள் பிடிமானமும் கிடைக்காது. அது நின்றிருந்தாலும் நிறம் சேர்ந்திருக்காது. பல வருடம் கால் பட்டு மெருகேறிய சிவப்பு வேறு, நேற்றுக் கலந்த சிவப்பு வேறு. அதனால் மறைக்கப் பார்க்காதீர்கள். பழைய மொசைக் தரைகளில் கண்ணாடி, பித்தளைப் பட்டை பதித்துக் கோடு போட்டிருப்பார்களே, இந்த விரிசலையும் பித்தளைத் தூள் கலந்த எபாக்சியால் (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் சேர்த்தால் கெட்டியாகும் பசை) நிரப்பி அப்படி ஒரு கோடாக்கலாம்.

முதலில் விரிசல் அசைகிறதா என்று பாருங்கள். அதன் குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மெல்லிய பொட்டாக வைத்து, ஒரு மழைக்காலம் விடுங்கள். பொட்டு பிளந்தாலோ, தரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தாலோ அலங்காரம் நிற்காது, பொறியாளரிடம் காட்டுங்கள். ஓரத்தை நாணயத்தால் தட்டும்போது பொள்ளலாக ஒலித்தால் மேல்பூச்சு பிடிப்பு விட்டிருக்கிறது. அதை முதலில் சரிசெய்ய வேண்டும். ஈரத்துக்கும் ஒரு சோதனை: ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் பூத்தால் எபாக்சி பெயர்ந்துவிடும்.

இனி வேலை. இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 4 அங்குல டைமண்ட் பிளேடு போட்ட கட்டிங் மெஷினால் விரிசலின் போக்கிலேயே 6 மி.மீ. அகலம், 10 மி.மீ. ஆழம் வெட்டுங்கள். உளி வேண்டாம், சிவப்புப் பூச்சு சில்லு சில்லாகப் பெயரும். மாஸ்க், கண்ணாடி கட்டாயம். தூசியை வேக்குவத்தால் உறிஞ்சுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது.

3 மீட்டருக்கு 180 மி.லி. கொள்ளளவு வரும், சேதாரம் சேர்த்து 250 மி.லி. வைத்துக்கொள்ளுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: ராத்திரி ஊற்றிய எபாக்சி காலையில் காணாமல் போயிருக்கும். வெட்டின் அடியிலும் விரிசல் தொடர்வதால் ஒழுகி இறங்கிவிடுகிறது. முதலில் காய்ந்த நைஸ் மணலைத் தூவி அந்தப் பிளவை அடைத்துவிடுங்கள். பிறகு வெட்டின் சுவர்களில் வெறும் எபாக்சியைத் தடவினால் குமிழி குறையும். அடுத்து எபாக்சியில் மணலைக் கெட்டியாகக் கலந்து, மேலே 2 மி.மீ. விட்டு நிரப்புங்கள். ஒருமுறைக்கு 100 மி.லி.க்கு மேல் கலக்காதீர்கள். கிண்ணத்திலேயே சூடேறி இறுகிவிடும். ஹார்டனர் அளவு டப்பாவில் உள்ளபடியே.

அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பித்தளைத் தூள் கலந்த எபாக்சியை மேலே விடுங்கள். கலவை இட்லி மாவுப் பதத்தில் இருக்கட்டும். நீர்த்திருந்தால் தூள் அடியில் தங்கி, மேலே மஞ்சள் கண்ணாடி போலத்தான் தெரியும். தரைமட்டத்துக்கு 1 மி.மீ. மேலே நிற்குமாறு நிரப்பி, இறுகுமுன் டேப்பை உரியுங்கள்.

முழுதாக இறுகியதும் 120, 220, 400 என்ற எண் வரிசையில் வாட்டர் பேப்பரை (உப்புத்தாள்) மாற்றித் தேயுங்கள். முதலில் பழுப்பாக மங்கித்தான் இருக்கும். 220-இல் தூளின் முகம் அறுபட்டு மினுங்கத் தொடங்கும். வெயில் விழும் முற்றத்துக்கு இது ஆகாது, எபாக்சி மஞ்சளித்துவிடும்.

நூல் போன்ற சிறு பிளவுகளைத் தொடாதீர்கள், அவை பழைய தரைக்கு இயல்பு. தேங்காய் எண்ணெயோ மெழுகோ தேய்ப்பதானால் எல்லாம் முடிந்த பிறகுதான். முன்பே தேய்த்திருந்தால் ஓரங்களைத் தின்னரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் வெட்டத் தொடங்குங்கள்.