பிரிட்டனில் எம்.எஸ்சி.: பேப்பர் போனால் அது ‘அரியர்’ அல்ல

கேள்வி: நாங்கள் மேடவாக்கத்தில் இருக்கிறோம். மகள் செப்டம்பரில் இங்கிலாந்து சென்று ஓராண்டு எம்.எஸ்சி. படிக்கிறாள். முதல் செமஸ்டரில் நான்கு மாட்யூல் (பாடம்). வந்த மதிப்பெண்கள் 64, 58, 43, 36. 43 எடுத்ததற்கு ‘காம்பன்சேஷன்’ கிடைக்கலாம், 36 எடுத்ததை ஆகஸ்டில் ‘ரீசிட்’ (மறுதேர்வு) எழுத வேண்டும் என்று அவளுடைய போர்ட்டலில் காட்டுகிறது. தேர்வன்று காய்ச்சலோடு போய் எழுதினாளாம். நம் ஊரில் அரியர் எழுதுவது போல ஊருக்கு வந்துவிட்டு அடுத்த ஆண்டு இங்கிருந்தே எழுதக்கூடாதா? இரண்டையும் திரும்ப எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினால் ‘மெரிட்’ வருமா? பல்கலைக்கழகத்துக்கு மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. எல்லாம் வங்கிக் கடன்.

பதில்: முதல் வேலையாக ‘அரியர்’ என்ற சொல்லை மறந்துவிடுங்கள். இந்தக் குழப்பத்தில் பாதி அந்தச் சொல்லால்தான் வருகிறது. சென்னைப் பல்கலைக்கழக முதுநிலைப் படிப்பில் எக்ஸ்டர்னலில் 50 சதவீதமும், இன்டர்னலையும் சேர்த்து மொத்தத்தில் 50 சதவீதமும் எடுத்தால் பாஸ். எடுக்காவிட்டால், இரண்டு ஆண்டுப் படிப்பு முடிந்த பிறகும் மேலும் இரண்டு ஆண்டு வரை கட்டணம் கட்டி எழுதலாம். அரியரில் 80 வாங்கினால் மதிப்பெண் பட்டியலில் 80 என்றே வரும். ரேங்க் கிடைக்காது, டிஸ்டிங்ஷன் கிடைக்காது. மதிப்பெண் கைவிட்டுப் போகாது.

பிரிட்டனில் கணக்கு வேறு. அங்கே எண்ணப்படுவது வாய்ப்பு. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் முதல் முயற்சிக்குப் பிறகு ஒரே ஒரு ரீசிட்தான் தரும். அதில் 80 வாங்கினாலும் 50 என்றே பதிவாகும். இதை ‘கேப்’ என்பார்கள். ரீசிட்டிலும் போனால் மூன்றாவது வாய்ப்பு உரிமையல்ல, எக்ஸாம் போர்டு (முடிவுகளை உறுதி செய்யும் பல்கலைக்கழகக் குழு) பார்த்துக் கொடுப்பது. ஆகவே ஆகஸ்டு தேர்வைத் தள்ளிப்போடக்கூடிய ஒன்றாக வீட்டில் யாரும் பேச வேண்டாம்.

இன்னொன்று. அங்கே நாடு முழுவதற்கும் பொதுவான விதி கிடையாது. பட்டத்துக்கு 180 கிரெடிட் (பாடங்களின் எடையைக் குறிக்கும் அலகு), இங்கிலாந்தில் முதுநிலைக்குப் பாஸ் மார்க் 50, மெரிட்டுக்கு 60, டிஸ்டிங்ஷனுக்கு 70 என்பவை மட்டும் ஏறக்குறைய எங்கும் ஒன்று. ஸ்காட்லாந்தில் அதுவும் மாறும். மற்றதெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன்ஸ், கோர்ஸ் ஹேண்ட்புக் இரண்டிலும் இருக்கும். அவள் சேர்ந்த ஆண்டுக்கான பதிப்பைத்தான் பார்க்க வேண்டும். சீனியர்கள் சொல்வது அவர்கள் சேர்ந்த ஆண்டின் விதியாக இருக்கலாம்.

இனி 36. இந்த எண் எப்படி வந்தது என்று பாருங்கள். பல மாட்யூல்களில் கோர்ஸ்வொர்க்குக்கு (செமஸ்டரின்போது எழுதிக் கொடுக்கும் கட்டுரை போன்றவை) 40 சதவீதம், தேர்வுக்கு 60 சதவீதம் என்று பிரித்திருப்பார்கள். உதாரணமாக கோர்ஸ்வொர்க்கில் 48, தேர்வில் 28 என்று வைத்துக்கொள்வோம். 48-ல் 40 சதவீதம் 19.2, 28-ல் 60 சதவீதம் 16.8, கூட்டினால் 36. ஆகஸ்டில் தேர்வை மட்டும் எழுதினால், 50-ஐத் தொட அவளுக்குத் தேர்வில் குறைந்தது 52 வேண்டும். கேப் மாட்யூலின் மொத்த மதிப்பெண்ணுக்கு என்றால் சிக்கல் இல்லை. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் கேப்பை ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகப் போடும். அப்படியானால் தேர்வில் 75 எடுத்தாலும் 50 என்றே கணக்கில் வரும். 50-ல் 60 சதவீதம் 30, அதோடு 19.2 சேர்த்தால் 49.2. நன்றாக எழுதியும் பாஸ் ஆகாது! அந்த நிலையில் கோர்ஸ்வொர்க்கையும் திரும்பச் சமர்ப்பித்தே ஆக வேண்டும். இந்த ஒரு புள்ளியில் ஏமாந்து போகிறவர்கள் நிறைய. “எந்தெந்தப் பகுதியை நான் திரும்பச் செய்ய வேண்டும், கேப் பகுதிக்கா, மாட்யூலுக்கா?” என்ற கேள்வியை மகள் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். கோர்ஸ்வொர்க் என்றால் பழைய கட்டுரையைத் திருத்திக் கொடுப்பதா, புதிய தலைப்பா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். புதிய தலைப்பு கொடுத்திருக்கும்போது பழையதைக் கொடுத்தால் அது வேறு வம்பில் முடியும்.

அடுத்தது 43. காம்பன்சேஷன் என்றால், 40-லிருந்து 49 வரை எடுத்த மாட்யூலை, மொத்த சராசரி 50-க்குக் குறையாமல் இருந்தால், போர்டே கிரெடிட் கொடுத்துக் கடத்திவிடுவது. மதிப்பெண் 43 என்றே நிற்கும். இதற்கு ஒரு வரம்பு உண்டு. சில இடங்களில் 20 கிரெடிட், சில இடங்களில் 30, சில இடங்களில் 40. படிப்பின் ‘கோர்’ (கட்டாய) மாட்யூல், டிசர்ட்டேஷன் (ஆய்வேடு) ஆகியவற்றுக்குப் பொதுவாகக் கிடையாது. வெளி அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பு என்றால் அந்த அமைப்பின் விதி காம்பன்சேஷனையே தடுத்துவிடலாம்.

மகளுடைய மாட்யூல்கள் தலா 15 கிரெடிட் என்று வைத்துப் பார்ப்போம். வரம்பு 30 என்றால் 43 எடுத்த மாட்யூல் அதில் பாதியை எடுத்துக்கொள்ளும், இன்னொரு 15 கையிருப்பில் இருக்கும். ஆகஸ்டில் அந்த 36, 50 வராமல் 45 வந்தால்கூட அந்தக் கையிருப்பு காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. வரம்பு 20 என்றால் ஒரு மாட்யூலோடு தீர்ந்தது. இரண்டாம் செமஸ்டரில் எதுவும் 50-க்குக் கீழே போகக்கூடாது.

43-ஐயும் எழுதி மெரிட்டை எட்டலாமா என்பது உங்கள் கேள்வி. எண்களே பதில் சொல்லும். ரீசிட்டில் அதிகபட்சம் 50. கூடுவது 7 மதிப்பெண். 180-ல் 15 கிரெடிட்டுக்கு 7 கூடினால் மொத்த சராசரியில் ஏறுவது 0.58. அவ்வளவுதான். முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுகிறோம். 36 ஆகஸ்டில் 50 ஆகிறது. 43 அப்படியே இருக்கிறது. இரண்டாம் செமஸ்டர் நான்கும் சராசரி 65. 60 கிரெடிட் டிசர்ட்டேஷனில் 66. எட்டு மாட்யூல்களின் சராசரி 59.4, டிசர்ட்டேஷனையும் சேர்த்தால் 61.6. 43-ஐ 50 ஆக்கியிருந்தால் 62.2. ஆக மெரிட்டை முடிவு செய்யப்போவது இரண்டாம் செமஸ்டரும் டிசர்ட்டேஷனும்தான். டிசர்ட்டேஷன் ஒன்றே மூன்றில் ஒரு பங்கு. எங்கள் ஆலோசனை: காம்பன்சேஷன் கிடைத்தால் 43-ஐ விட்டுவிடுங்கள். காம்பன்சேஷன் கொடுத்த மாட்யூலைத் திரும்ப எழுத விடாத பல்கலைக்கழகங்களும் உண்டு. ஆனால் ஒன்றைச் சரிபார்த்துவிட்டு முடிவு எடுங்கள். காம்பன்சேஷனோ ரீசிட்டோ இருந்தால் மெரிட்டே தரமாட்டோம் என்று சில ரெகுலேஷன்களில் ஒரு வரி இருக்கும். அந்த வரி இருந்தால் சராசரி எவ்வளவு ஏறினாலும் பயனில்லை.

காய்ச்சல் விஷயம் கொஞ்சம் கசப்பானது. பல பல்கலைக்கழகங்களில், தேர்வு அறைக்குள் போய் உட்கார்ந்தாலே “நான் எழுதத் தகுந்த உடல்நிலையில் இருக்கிறேன்” என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தம். உடம்பு முடியாவிட்டால் எழுதாமல், ‘மிட்டிகேட்டிங் சர்க்கம்ஸ்டன்சஸ்’ (தேர்வைப் பாதித்த சூழ்நிலை) மனுவைக் கெடுவுக்குள் போட வேண்டும். அது ஏற்கப்பட்டால் அடுத்து எழுதுவது முதல் முயற்சியாகவே எண்ணப்படும்; கேப் கிடையாது; 72 எடுத்தால் 72. நம் பிள்ளைகள் மாத்திரை போட்டுக்கொண்டு போய் எழுதிவிட்டு வருவார்கள். அதைத் தைரியம் என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம். அந்த ஊர் விதியில் அது பெரிய நஷ்டம். இப்போதும் தாமத மனு போடலாம். ஆனால் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும்: அன்றைய தேதியைத் தொடும் மருத்துவ ஆவணம் இருக்கிறதா, முன்பே ஏன் சொல்லவில்லை? இன்று ஒரு டாக்டரிடம் போய் அன்றைய காய்ச்சலுக்குச் சான்று வாங்குவது வேண்டவே வேண்டாம். அது பொய் ஆவணமாகக் கருதப்பட்டால் ஒழுங்கு நடவடிக்கை வரும். ஆவணம் இல்லையென்றால் இந்த வழியை மறந்துவிட்டு ஆகஸ்டுக்குப் படிப்பதே நல்லது. இனிமேல் சென்னையில் வீட்டில் ஏதாவது துக்கமோ ஆஸ்பத்திரியோ வந்தால் அவளிடம் மறைக்காதீர்கள்; உடனே சொல்லி, மாநகராட்சியின் இறப்புச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி போன்றவற்றை ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள். தமிழில் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும்.

மதிப்பெண் குறைவு என்பதற்காக அப்பீல் செய்ய முடியாது. திருத்தியவரின் கல்வித் தீர்ப்பை யாரும் மாற்றமாட்டார்கள். நடைமுறைத் தவறு, பாரபட்சம், முன்பே சொல்ல முடியாமல் போன சூழல் ஆகியவைதான் காரணங்களாக ஏற்கப்படும். அப்பீலுக்கான கெடு, தேர்வு முடிவு வந்த சில வாரங்களில் முடிந்துவிடும். பல்கலைக்கழகத்துக்குள் எல்லா வழியும் முடிந்து ‘கம்ப்ளீஷன் ஆஃப் புரொசீஜர்ஸ்’ கடிதம் கைக்கு வந்தால், இங்கிலாந்து, வேல்ஸ் மாணவர்கள் 12 மாதத்துக்குள் ஓ.ஐ.ஏ. என்ற சுயேச்சை அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இப்போது முக்கியமான கேள்வி: ஊருக்கு வந்து அடுத்த ஆண்டு எழுதலாமா? சில பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கும். ஆனால் அது தேர்வைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை, விசாவைப் பற்றியதும்கூட. நேரில் வகுப்பே இல்லாமல் 60 நாளுக்கு மேல் இடைவெளி வந்தால் பல்கலைக்கழகம் பொதுவாக அவளுடைய ஸ்டூடென்ட் விசாவுக்குத் தரும் ஸ்பான்சர்ஷிப்பை விலக்கிக்கொள்ளும். படிப்பு முடிந்த பிறகு வேலை பார்க்க உதவும் கிராஜுவேட் விசாவை பிரிட்டனுக்குள் இருந்துகொண்டு, ஸ்டூடென்ட் விசா உயிரோடு இருக்கும்போதுதான் கேட்க முடியும். சென்னையில் இருந்து எழுதிப் பாஸ் ஆனால் பட்டம் வரும், அந்த விசா வராது. அந்த விசா 2026 டிசம்பர் 31 வரை விண்ணப்பிப்பவர்களுக்கு 2 ஆண்டு, 2027 ஜனவரி 1 முதல் 18 மாதம் என்பதையும் மனதில் வையுங்கள்.

விசா எப்போது முடிகிறது என்று பாருங்கள். 12 மாதமோ அதற்கு மேலோ நீளும் படிப்பு என்றால், படிப்பு முடியும் தேதிக்குப் பின் 4 மாதம் கூடுதலாகக் கொடுப்பார்கள். 12 மாதத்துக்குச் சில நாள் குறைந்தாலும் 2 மாதம்தான். ஆகஸ்டு ரீசிட்டின் முடிவும் டிசர்ட்டேஷன் முடிவும் போர்டில் உறுதியாகி, “படித்து முடித்தார்” என்று பல்கலைக்கழகம் பிரிட்டன் உள்துறைக்குத் தெரிவித்த பிறகே கிராஜுவேட் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். போர்டு கூடும் தேதி, விசா முடியும் தேதி இரண்டையும் அருகருகே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இடைவெளி குறைவாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் விசா ஆலோசகரை இப்போதே பார்க்க வேண்டும். ஊருக்கு டிக்கெட் எடுக்கும் முன்பும் அவரைக் கேட்க வேண்டும்.

ஒருவேளை ஆகஸ்டிலும் தவறிவிட்டால்? போர்டு மூன்றில் ஒன்றைச் செய்யும். காம்பன்சேஷன் வரம்பில் இடம் இருந்தால் கடத்திவிடும். அந்த மாட்யூலை அடுத்த ஆண்டு வகுப்போடு ‘ரிபீட்’ செய்யச் சொல்லும். ரீசிட்டும் ரிபீட்டும் ஒன்றல்ல, ரிபீட்டுக்கு மாட்யூல் கட்டணம் கட்ட வேண்டும், விசா நீட்டிப்பும் தேவைப்படலாம். இரண்டும் இல்லையென்றால் போஸ்ட்கிராஜுவேட் டிப்ளமோவோடு அனுப்பிவிடும். அதற்கு 120 கிரெடிட் போதும். ஆனால் அது எம்.எஸ்சி. பட்டம் அல்ல, கிராஜுவேட் விசாவுக்கும் பொதுவாக உதவாது. 165 கிரெடிட் எடுத்தவளுக்கும் 180 இல்லையென்றால் இதே கதி. ஒரு 15 கிரெடிட் மாட்யூலுக்கு இவ்வளவு எடை உண்டு.

வங்கிக்கு இப்போதே எதுவும் சொல்ல வேண்டியதில்லை. படிப்பு நீளும் என்று உறுதியானால் மட்டும் பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு கிளைக்குப் போங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் படிப்பு முடிக்க 2 ஆண்டு வரை கூடுதல் அவகாசம் தர இடம் உண்டு. தவணை தொடங்கிய பிறகு போவதைவிட முன்பே போவது நல்லது.

உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் வராததில் அலட்சியம் எதுவும் இல்லை. மாணவர் வயது வந்தவர். அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பெற்றோரிடம் ஒரு மதிப்பெண்ணைக்கூட அவர்கள் பேசக்கூடாது. கட்டணம் கட்டியது நீங்கள் என்பதும் அங்கே செல்லாது. மகள் தன் பல்கலைக்கழக முகவரியிலிருந்து புரோகிராம் அலுவலகத்துக்கு எழுதட்டும். ஸ்டூடென்ட்ஸ் யூனியனில் இலவசமாக உதவும் ஆலோசகர்களும் இருப்பார்கள். அவர்கள் பல்கலைக்கழக நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல. அதனால் விதிகளை மாணவர் பக்கம் நின்று படித்துச் சொல்வார்கள்.

ஆகஸ்டில் ரீசிட்டும் டிசர்ட்டேஷனும் ஒரே மாதத்தில் மோதும். டிசர்ட்டேஷனின் தரவுச் சேகரிப்பை ஜூலைக்குள் முடித்துவிட்டு, தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் அதைத் தொடாமல் இருப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பேராசிரியரிடம் முதல் முயற்சியின் பின்னூட்டத்தைக் கேட்டு வாங்கட்டும். தவறிய தேர்வில் எந்தக் கேள்வியில் மதிப்பெண் போனது என்று தெரியாமல் படிப்பது வீண். கோர்ஸ்வொர்க்கை இணையத்தில் ஏற்றும்போது கடைசி மணி நேரம் வரை இழுக்கக்கூடாது. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் நாலரை மணி நேரம். அங்கே மாலை 4 மணிக் கெடு என்றால் நம் கடிகாரத்தில் இரவு 8.30. அந்த நேரத்துக்குச் சற்று முன்பாக வீட்டிலிருந்து யாரும் அவளுக்கு போன் செய்ய வேண்டாம்.