48 வோல்ட் டபுள் கப்: 12 இலட்சம் கூடக் கொடுக்கலாமா?

கேள்வி: விசுவமடுவில் இருந்து எழுதுகிறேன். பப்பாசியும் வாழைக்குலையும் சேர்த்துக் கிழமைக்கு ஒரு தரம் தம்புள்ளைக்கு ஏற்றுகிறேன். கச்சான் காலத்தில் கச்சானும் போகும். இப்போது இருப்பது ஒரு பழைய பட்டா (சின்ன லொறி). இரண்டு வரிசைச் சீற் உள்ள டபுள் கப் பிக்கப் ஒன்று எடுக்கலாம் என்று விசாரித்தால், சாதாரண டீசலுக்கும் எஞ்சினுக்கு உதவ ஒரு சின்ன மோட்டார் சேர்ந்த 48 வோல்ட் மைல்ட் ஹைபிரிட்டுக்கும் 12 இலட்சம் வித்தியாசம் சொல்கிறார்கள். லீசிங் 14 வீதம், 5 வருடம். மாதம் 2,500 கிலோமீற்றர் அளவில் ஓடுவேன். டீசல் மிச்சத்திலேயே அந்தக் காசு வந்துவிடும் என்கிறார் விற்பவர். யூடியூப் பார்த்துவிட்டு மகனும் அதையே சொல்கிறான். மாமா மட்டும், ஹைபிரிட் பற்றரி செத்தால் வாகனத்தையே விற்க வேண்டி வரும் என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி? பட்டாவை விற்கவா, வைத்திருக்கவா?

பதில்: அந்த 12 இலட்சத்தைக் கொடுக்க வேண்டாம். டீசல் மிச்சத்தில் அது திரும்பி வராது. விற்பவர் முன்னால் நீங்களே போட்டுக் காட்டக்கூடிய மாதிரிக் கணக்கைச் சொல்கிறேன்.

மாதம் 2,500 என்றால் வருடத்துக்கு 30,000 கிலோமீற்றர். சுமையோடு போவதையும் வெறுமையாக வருவதையும் சேர்த்து லீற்றருக்கு 10 கிலோமீற்றர் என்று வைப்போம். வருடத்துக்கு 3,000 லீற்றர். டீசல் விலை மாதா மாதம் மாறுகிறது; கணக்குக்கு 300 ரூபா என்று எடுத்தால் 9 இலட்சம். உதாரணத்துக்கு, டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லீற்றர் டீசல் எஞ்சினுக்கு இந்த 48 வோல்ட் அமைப்பை ஐரோப்பாவில் அறிமுகம் செய்தபோது கம்பனியே சொன்ன எரிபொருள் மிச்சம் 5 வீதம் வரைதான். 9 இலட்சத்தில் 5 வீதம் 45,000 ரூபா. மாதத்துக்கு 3,750.

இனி மறுபக்கம். 12 இலட்சத்தை 14 வீதத்தில் 5 வருடத்துக்கு லீசிங் போட்டால், அந்த வித்தியாசத்துக்கு மட்டும் மாதக் கட்டுக்காசு 27,900 ரூபா அளவில் வரும். கட்டி முடிக்கும்போது 16 இலட்சத்து 75 ஆயிரம் போயிருக்கும். அதே 5 வருடத்தில் டீசலில் மிஞ்சியது 2 இலட்சத்து 25 ஆயிரம். வாகனத்தின் பெறுமதி கூடினால் முழுக் காப்புறுதிக் கட்டணமும் கூடும். அதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

விற்பவர் 5 அல்ல 10 வீதம் என்று அடித்துச் சொன்னாலும் பரவாயில்லை, அதையும் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 90,000. வட்டியே இல்லாமல் 12 இலட்சத்தை எடுக்க 13 வருடத்துக்கு மேல். டீசல் ஏறினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2022 ஜூனில் லீற்றர் 460 ரூபாவுக்குப் போனதையும், பெற்றோல் செற்றடியில் இரவு பகலாக வரிசையில் கிடந்ததையும் யாரும் மறக்கவில்லை. சரி, அந்த 460 ரூபாவே நிரந்தரம் என்று வைத்தாலும் 5 வீத மிச்சம் வருடத்துக்கு 69,000தான். 17 வருடம் ஓட வேண்டும்.

ஏன் இவ்வளவு குறைவு என்று உங்கள் மகனுக்கும் விளங்க வேண்டும், ஏனென்றால் அவன் பார்த்தது பொய் அல்ல, வேறு இடத்துக்கான உண்மை. மைல்ட் ஹைபிரிட் வாகனம் மின்சாரத்தில் தனியாக ஓடாது. சாதாரண வாகனத்தில் பற்றரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ இருக்குமே, அந்த இடத்தில் பெல்ற்றால் எஞ்சினோடு இணைந்த ஒரு மோட்டார் இருக்கும். பிரேக் பிடிக்கும்போது, அக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்கும்போது அது மின்சாரம் உண்டாக்கி 48 வோல்ட் பற்றரியில் சேர்க்கும். வெளிக்கிடும்போது அதையே எஞ்சினுக்குத் திருப்பிக் கொடுக்கும். வாகனம் நின்றால் எஞ்சினை அணைத்துவிட்டு, அதிர்வில்லாமல் மறுபடி ஸ்டார்ட் பண்ணும். ஹைலக்ஸில் அந்த மோட்டார் தரும் இழுவை 65 நியூட்டன் மீற்றர். ஓட்டோ கியர் எஞ்சின் தருவது 500. ஏற்றத்தில் தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெடியன் கைகொடுக்கிற அளவு உதவி. உதவிதான், ஆனால் வண்டியைத் தள்ளுவது அவன் அல்ல.

அப்படியானால் மிச்சம் எங்கே வரும்? நின்று நின்று போகும் ஓட்டத்தில். கொழும்பில் காலை எட்டு மணிக்குப் பொரளைச் சந்தியைத் தாண்டுகிறவருக்கு வரும். அமெரிக்காவில் ராம் 1500 பிக்கப்பில் 2019 மொடலிலிருந்தே 48 வோல்ட் அமைப்பு இருக்கிறது; ஆனால் அங்கே அது பெரிய பெற்றோல் எஞ்சினோடு வருகிறது. சும்மா நிற்கும்போது பெற்றோல் எஞ்சின் குடிக்கிற அளவுக்கு டீசல் எஞ்சின் குடிப்பதில்லை, ஆகவே டீசலில் மிச்சம் பிடிக்க இருப்பதும் குறைவு. உங்கள் ஓட்டமோ பரந்தன் சந்தியில் ஏ9இல் ஏறினால் கிளிநொச்சி, மாங்குளம், புளியங்குளம், வவுனியா என்று ஒரே வேகத்தில் நீளும் ஓட்டம். பிரேக்கில் கால் வைக்க மாடு குறுக்கே வர வேண்டும். பிரேக் பிடிக்காத இடத்தில் அந்த மோட்டாருக்குச் சேர்க்க ஒன்றுமில்லை. தோட்டங்களுக்குள் போகும் கிரவல் ஒழுங்கைகளில் கொஞ்சம் சேரும், ஆனால் அந்த ஓட்டம் உங்கள் மொத்தத்தில் சிறு பங்கு.

எஞ்சினை அணைத்து மிச்சம் பிடிக்கும் வேலையைக் காசில்லாமலும் செய்யலாம். தம்புள்ளையில் பொருளை இறக்க வரிசையில் நிற்கும்போதும், தோட்டத்தில் பெட்டி ஏற்றும்போதும் ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுவிட்டு இருப்பதை நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம். அப்படி ஒரு மணித்தியாலம் நின்றால் ஏறத்தாழ ஒரு லீற்றர் போய்விடும். திறப்பைத் திருப்பி அணைத்துவிடுங்கள். ரயர் காற்றையும் ஒழுங்காகப் பாருங்கள். இவை இரண்டும் சேர்ந்து அந்த 5 வீதத்தில் நல்ல பங்கைத் தரும்.

மாமாவின் பயத்துக்கு வருவோம். அவர் மனதில் இருப்பது பிரியஸ், அக்குவா மாதிரி முழு ஹைபிரிட் கார்கள். பழைய பிரியஸின் பற்றரி 200 வோல்ட் அளவானது, கார் அதிலேயே ஓடும், மாற்றுவதற்குப் பெரிய செலவு. ஹைலக்ஸின் 48 வோல்ட் பற்றரி 7.6 கிலோதான், பின் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. 700 மில்லிமீற்றர் தண்ணீருக்குள்ளால் போகும் திறனும் இந்த அமைப்பால் குறையவில்லை என்று டொயோட்டா சொல்கிறது. மாரியில் இரணைமடுக் கதவு திறந்தால் எந்தெந்த வீதியில் தண்ணீர் நிற்கும் என்று தெரிந்த உங்களுக்கு இது முக்கியமான விசயம். ஆகவே, வாகனத்தையே விற்க வேண்டி வரும் என்பது மிகை. ஆனால் அவர் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. சாதாரண டீசலை உங்கள் பக்கத்துக் கராஜ்காரர் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். 48 வோல்ட் பகுதியில் பிழை வந்தால் ஏஜென்சிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வாகனம் ஒரு கிழமை நின்றால் ஒரு லோட் பப்பாசி மரத்திலேயே பழுத்துவிடும். அந்த நட்டத்தை எந்த டீசல் மிச்சமும் ஈடுகட்டாது.

இதையெல்லாம் பார்த்தால் மைல்ட் ஹைபிரிட் கெட்ட பொருள் என்று ஆகாது. வெளிக்கிடும்போது மென்மையாக இருக்கும், எஞ்சின் சத்தம் குறையும். உங்கள் ஓட்டத்துக்கு அதன் பெறுமதி 2 இலட்சத்துக்குள். விலை வித்தியாசம் அவ்வளவாக இறங்கினால், அல்லது நீங்கள் விரும்பும் மொடல் அந்த எஞ்சினோடு மட்டும்தான் வருகிறது என்றால், தயங்காமல் எடுங்கள்.

இதை விட எனக்குக் கவலை தருவது வேறு. உங்கள் கடிதத்தில் டபுள் கப் என்பது முடிவாகிவிட்டது போல இருக்கிறது. டபுள் கப்பின் பின் பெட்டி ஐந்தடி அளவுதான். சிங்கிள் கப்பில் ஏழடிக்கு மேல் வரும். பப்பாசி பாரத்தை விட இடத்தைத்தான் பிடிக்கும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது நசிந்து, தம்புள்ளையில் விலை விழும். வீட்டில் பிள்ளைகளையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போக வேண்டும் என்றால் டபுள் கப்புக்கு நியாயம் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வியாபாரத்துக்காக எடுக்கிறேன் என்று சொன்னால், ஒரு தரத்துக்கு எத்தனை பெட்டி போகும் என்று வாகனத்துக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தே அளந்து பாருங்கள்.

அப்புறம் லீசிங். வன்னியில் 2009க்குப் பிறகு ஏ9 நெடுக லீசிங் கம்பனிகள் வந்தன. உழவு இயந்திரத்தையும் மோட்டார் சைக்கிளையும் எடுத்து, இரண்டு மூன்று கட்டுக்காசு தவறி, வாகனத்தையும் கட்டிய காசையும் சேர்த்து இழந்த குடும்பங்களை உங்கள் ஊரிலேயே உங்களுக்குத் தெரியும். உங்கள் வருமானம் மாதச் சம்பளம் மாதிரி வருவதில்லை. மாரி பிழைத்தால் இரண்டு மாதம் ஏற்றப் பொருள் இராது. கட்டுக்காசை அந்த மாதங்களில் குறைத்து, பொருள் வரும் மாதங்களில் கூட்டிக் கட்டும் ஒழுங்கு இருக்கிறதா என்று கையெழுத்து வைக்கும் முன் கேளுங்கள். மத்திய வங்கியின் அனுமதி பெற்ற கம்பனியா என்று பாருங்கள். லீசிங்கில் எவ்வளவு தரலாம் என்பதற்கு மத்திய வங்கி வைத்திருக்கும் உச்ச வரம்பு, வர்த்தக வாகனத்துக்கு ஒன்று, தனியார் வாகனத்துக்கு இன்னொன்று. உங்கள் வாகனம் எதில் பதிவாகும் என்பதைப் பொறுத்து முன்பணம் மாறும். கையில் எவ்வளவு முன்பணம் இருந்தாலும், மூன்று மாதக் கட்டுக்காசை வங்கியில் தனியாக வைத்துவிட்டு மிச்சத்தைக் கட்டுங்கள்.

வாகனம் வைத்திருந்தால் விலை ஏறும் என்று யாராவது ஆறுதல் சொன்னால் அதை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தியதால்தான் பழைய வாகனங்களுக்கு அந்த விலை வந்தது. 2025இல் இறக்குமதி திறந்துவிட்டது.

பட்டாவை இப்போதைக்கு விற்க வேண்டாம். புது வாகனம் வந்து முதல் ஆறு மாதம் இரண்டையும் ஓட்டுங்கள். தோட்டங்களில் இருந்து சேர்க்கும் சின்ன ஓட்டத்துக்குப் பட்டாதான் மலிவு. ஒழுங்கைக்குள் திரும்பவும் இலகு. சாரதிச் சம்பளம், காப்புறுதி, வருட வரி எல்லாம் கழித்துப் பட்டா மாதம் எவ்வளவு தருகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். கட்டுக்காசில் மூன்றில் ஒரு பங்கையாவது அது தந்தால் வைத்திருங்கள். தராவிட்டால் விற்று, வந்த காசை லீசிங் கடனின் முதல் தொகையில் கழியக் கட்டுங்கள். முன்கூட்டிக் கட்டினால் தண்டப்பணம் உண்டா என்பதையும் ஒப்பந்தத்தில் இன்றே பார்த்து வையுங்கள்.