லிட்டருக்கு 16 கொடுத்த கார் 11 கொடுக்கிறது: பெட்ரோல் எங்கே போகிறது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஏழு வருடமாக ஓடும் பெட்ரோல் ஹேட்ச்பேக், ஊருக்குள்ளும் பைபாஸிலும் கலந்து ஓட்டினால் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் வந்துகொண்டிருந்தது. சில மாதங்களாக 11தான் வருகிறது. ஏர் ஃபில்டர், ப்ளக், ஆயில் எல்லாம் மாற்றியாயிற்று, பலனில்லை. மெக்கானிக் இப்போது இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் செட்டையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். இன்ஜெக்டர் கெட்டிருக்கவும் கூடும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் செலவே இல்லாமல் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. சந்தேகத்தின் பேரில் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும்.

முதலில் அந்த 11 உண்மைதானா என்று பாருங்கள். மீட்டரில் வரும் சராசரியை நம்பாமல் டேங்க் கணக்குப் போடுங்கள். நாசில் தானாகக் கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். ரவுண்டாக 2000 ஆகட்டும் என்று மேலே ஊற்ற விடாதீர்கள். அது கணக்கையும் கெடுக்கும், டேங்க் ஆவியைப் பிடிக்கும் கரி கேனிஸ்டரையும் நனைத்துவிடும். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி 300 கிலோமீட்டராவது ஓட்டி, அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி கட் ஆகும்வரை போடுங்கள். ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் உங்கள் மைலேஜ். பங்க் மேலேயே சந்தேகம் என்றால் 5 லிட்டர் அளவைக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். முத்திரை போட்ட குவளை ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். இடையில் டயர் சைஸைப் பெரிதாக மாற்றியிருந்தால் ஓடோமீட்டர் தூரத்தைக் குறைத்துக் காட்டும், அதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து எத்தனால். எல்லோரும் இப்போது இதைத்தான் சொல்கிறார்கள், அதில் உண்மையும் உண்டு. எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10க்கு (10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) டியூன் செய்த கார்களில் இ20 (20 சதவீதம் கலந்தது) போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொல்கிறது. அதாவது 16 கொடுத்த வண்டி 15 கொடுக்கும். 11க்கு இறங்குவது கிட்டத்தட்ட 30 சதவீத இழப்பு. அதை எத்தனால் தலையில் கட்ட முடியாது, வண்டியில் ஏதோ கோளாறு இருக்கிறது.

ஃபில்டர் மாற்றியும் பலனில்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். கார்புரேட்டர் வண்டியில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் அதிகம் இழுக்கும். இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றபடி ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதால், பிக்கப் குறையுமே தவிர மைலேஜ் பெரிதாகக் குறையாது.

இனி வண்டி தடையில்லாமல் உருளுகிறதா என்று பார்க்க வேண்டும். டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, டயர் சூடாகும் முன் காற்றைப் பிடியுங்கள். அப்புறம் பிரேக். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வண்டியை மெதுவாக நிற்க விட்டு, நான்கு வீல் ரிம் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அந்த வீலில் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும். முன் வீலில் பெரும்பாலும் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) நகரும் ஊசியில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும், பின் வீலில் ஹேண்ட் பிரேக் கேபிள் திரும்பாமல் நிற்கும். கழற்றிச் சுத்தம் செய்து சரியான கிரீஸ் போட்டாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். கிளட்ச்சையும் ஒரு தடவை கவனியுங்கள். மேட்டில் நான்காவது கியரில் மிதிக்கும்போது ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது.

இதுவரை சொன்னதைப் பல மெக்கானிக்குகள் பார்த்துவிடுவார்கள். பலர் பார்க்காமல் விடுவது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு. நான் அழுத்திச் சொல்ல வருவதும் அதைத்தான்.

கோயம்புத்தூரில் என் அக்காவின் கார் இப்படித்தான் 16இலிருந்து 12க்கு இறங்கியது. ஸ்கேனர் (ஈசியூவில் உள்ள அளவுகளைக் காட்டும் கருவி) போட்டுக்கொண்டு அவிநாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். ட்ராஃபிக்கில் நிற்கும்போது கூலன்ட் வெப்பம் 85 டிகிரி வரை ஏறியது. சாலை காலியாகி வேகம் பிடித்ததும் 70, 65 என்று இறங்கிக்கொண்டே போனது. காற்று அடிக்க அடிக்க இன்ஜின் ஆறிப்போகிறது. ஹவுசிங்கைக் கழற்றினால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை. முன்பு ஒரு கோடையில் ரேடியேட்டர் ஃபேன் ரிலே போய் வண்டி கொதித்தபோது, வேறொரு ஒர்க்‌ஷாப்பில் "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லைங்க" என்று கழற்றி எறிந்திருக்கிறார்கள்.

இது ஊர் ஊராக நடக்கும் பழக்கம். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு, ஏனென்றால் வண்டிக்காரருக்கு நஷ்டம் மாதா மாதம், காரணம் தெரியாமலேயே. வெளியே 40 டிகிரி அடித்தாலும் இன்ஜினுக்கு அது குளிர்தான். கூலன்ட் 80, 90 டிகிரியில் இருந்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். அதற்குக் கீழே இருந்தால் 'இன்னும் சூடாகவில்லை' என்று ஈசியூ கூடுதல் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும். ஆயிலும் கெட்டியாக இருப்பதால் உராய்வும் அதிகம். கழற்றாமல் இருக்கும் தெர்மோஸ்டாட்டும் வயதானால் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ளும், விளைவு ஒன்றுதான்.

உங்கள் வண்டியில் டெம்பரேச்சர் முள் இருந்தால் பைபாஸில் அது நடுவிலிருந்து இறங்குகிறதா என்று பாருங்கள். பல புது வண்டிகளில் முள்ளே கிடையாது, இன்ஜின் ஆறியிருப்பதைக் காட்டும் நீல விளக்கு போன்றவைதான். அப்படியென்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் செருகி மொபைலில் பார்க்கலாம். பி0128 என்ற கோட் வந்தால் அனேகமாக இதுதான். கழற்றிய தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பதும் எளிது. ஆறியிருக்கும்போது வால்வு இறுக மூடியிருக்க வேண்டும். பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கினால், அதன் மேல் அச்சடித்திருக்கும் 82 அல்லது 88 டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். அக்கா காரில் புதிது போட்டு, கூலன்ட் ஊற்றி ஏர் எடுத்த பிறகு அடுத்த டேங்கிலேயே 15க்கு மேல் வந்தது.

வெப்பம் சரியாக இருந்தால், அதே ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் பாருங்கள், ஈசியூ தன் அடிப்படைக் கணக்குக்கு மேல் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற சதவீதம் அது. இன்ஜெக்டர் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. லாங் டெர்ம் ட்ரிம் பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் 5 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. மைனஸ் 10ஐத் தாண்டினால் தேவைக்கு மேல் பெட்ரோல் எங்கிருந்தோ வருகிறது, ஈசியூ குறைக்கப் போராடுகிறது என்று பொருள். கசியும் இன்ஜெக்டர், மூடாத பர்ஜ் வால்வு (கரி கேனிஸ்டரின் ஆவியை இன்ஜினுக்குள் விடுவது), அதிகப் பெட்ரோல் பிரஷர் என்று அந்தப் பக்கம் தேடலாம். பர்ஜ் வால்வை முதலில் பாருங்கள், அது விலை குறைவு. பிளஸ் 10க்கு மேல் போனால் ஈசியூ கூடுதலாக ஊற்றுகிறது. எங்காவது காற்று கசியலாம், அல்லது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் தப்பாகச் சொல்லலாம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) முன்னால் இருக்கும் சாதாரண வகைச் சென்சாரின் வோல்டேஜ் 0.1க்கும் 0.9க்கும் நடுவே வேகமாக ஏறி இறங்க வேண்டும். சோம்பலாக நகர்ந்தாலோ ஒரே இடத்தில் நின்றாலோ சந்தேகப்படலாம். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் பைப்பில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து இதே பொய்யைச் சொல்ல வைக்கும். அதனால் சென்சார் வாங்கும் முன் பைப்பைப் பாருங்கள்.

ட்ரிம் இரண்டு பக்கமும் ஒழுங்காக இருந்து, இன்ஜினும் நன்றாகச் சூடேறுகிறது என்றால் இன்ஜெக்டர் செட்டுக்குச் செலவு செய்யக் காரணமே இல்லை என்று உங்கள் மெக்கானிக்கிடம் அந்த எண்களைக் காட்டியே சொல்லலாம்.

ஆனால் ஒன்று, டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா, சைலன்சர் முனையில் கரி அப்பியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். எரியாத பெட்ரோல் ஆயிலைத் தண்ணீராக்கும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றி உருக்கிவிடும், அது இன்ஜெக்டரைவிடப் பெரிய செலவு. கோளாறைச் சரிசெய்த கையோடு ஆயிலையும் மாற்றிவிடுங்கள், சமீபத்தில்தான் மாற்றியது என்றாலும்.