போட் ப்ளாட் (ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சிக்னல் எவ்வளவு பெருகுகிறது, எவ்வளவு பின்தங்குகிறது என்று காட்டும் இரண்டு கோடுகள்) வரையத் தெரிகிறது. அதைப் பார்த்து சிஸ்டம் ஸ்டேபிளா இல்லையா என்று எப்படிச் சொல்வது?

செமி-லாக் தாளில் கோடெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு, கடைசி வரியில் 'சிஸ்டம் ஸ்டேபிள்' என்று நம்பிக்கையில்லாமல் எழுதுகிறீர்கள், சரிதானே? நானும் அப்படி எழுதித்தான் பாஸ் செய்தேன்.

கெயின் கோடு (பெருக்கத்தைக் காட்டுவது) 0 டெசிபெல்லை, அதாவது சிக்னல் கூடாமலும் குறையாமலும் இருக்கும் அளவை, வெட்டும் இடத்தைப் பிடியுங்கள். அதே அதிர்வெண்ணில் ஃபேஸ் கோட்டைப் (பின்தங்கலைக் காட்டுவது) பாருங்கள். மைனஸ் 120 டிகிரி என்றால், மைனஸ் 180-க்கு இன்னும் 60 டிகிரி மிச்சம். அதுதான் ஃபேஸ் மார்ஜின். முளைப்பாரி சமயம் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ஊளையிடுமே, அதுவும் இதே சங்கதிதான். திரும்பி வரும் சத்தம் பலம் குறையாமல், தாளம் தப்பாமல் சேர்ந்துகொண்டால் ஊளை நிற்காது. நெகட்டிவ் ஃபீட்பேக்கில் (வெளிவருவதைத் திருப்பிக் கொண்டுவந்து கழிக்கும் அமைப்பில்) 180 டிகிரி பின்தங்கினால், பிழையைக் குறைக்க வேண்டிய சிக்னலே பிழையை வளர்க்கும். ஊளை தொடங்க இன்னும் எத்தனை டெசிபெல் கூட்டலாமோ, அது கெயின் மார்ஜின். இரண்டு மார்ஜினும் மிச்சமிருந்தால் சிஸ்டம் ஸ்டேபிள்.

இது எனக்கு உறைத்தது கப்பலூரில் வேலை பார்த்தபோது. ஒரு ஹாட் ஏர் அவன், வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. பராமரிப்பு முடிந்த மறுநாளிலிருந்து வெப்பநிலை இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஏறி ஏறி இறங்கியது. கன்ட்ரோலர்தான் போய்விட்டது, புதுசு வாங்கு என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. டக்டைத் திறந்து பார்த்தால், சென்சாரைத் தள்ளிக் கடைசியில் மாட்டியிருக்கிறார்கள். சூடு அங்கே போய்ச்சேர 20 விநாடி கூடுதலாகிறது. 120 விநாடி அலையில் 20 விநாடி தாமதம் என்றால் 60 டிகிரி! தாமதம் கெயின் கோட்டை அசைக்காது, ஃபேஸை மட்டும் கீழே இழுக்கும். இருந்த மார்ஜின் மொத்தமும் அதிலேயே போயிருக்கிறது. சென்சாரைப் பழைய இடத்தில் மாட்டினோம், ஆட்டம் நின்றது. அன்று ராத்திரி பழைய நோட்டை எடுத்து ஒவ்வொரு ப்ளாட்டாகத் திரும்பப் பார்த்தேன்.

'ஓப்பன் லூப்பே (ஃபீட்பேக்கை இணைக்கும் முன்பே) நிலையில்லாத சிஸ்டத்துக்கு இது செல்லாது, நைக்விஸ்ட் வரைபடம் வேண்டும்' என்று யாராவது வருவார்கள். தெரியும். 0 டெசிபெல்லைப் பல இடத்தில் வெட்டினாலும் கவனம் வேண்டும். நீங்கள் இப்போது போடும் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த வழி போதும்.

எனக்கு ஆற்றாமை வேறு. எங்கள் கல்லூரி லேபில் இதைக் கண்ணால் பார்க்கவே ஒரு கிட் இருந்தது. கெட்டுப்போகும் என்று நான்கு வருடமும் பூட்டியே வைத்திருந்தார்கள். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதினோம். அந்தப் பெட்டியை ஒரு மணி நேரம் திறந்துவிட்டிருந்தால், கப்பலூர் வரை நான் காத்திருந்திருக்க வேண்டாம்.