பூவை மட்டும் எடுத்தால் செடியின் பெயர் தெரியாது

கேள்வி: வீட்டுத் தோட்டத்திலும் ஏரிக்கரையிலும் பார்க்கும் செடிகளை ஃபோனில் படமெடுக்கிறேன். ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. பிறகு பார்த்தால் எது என்ன செடி என்றே தெரிவதில்லை. எப்படி எடுத்து, எப்படிப் பட்டியலிடுவது?

பதில்: உங்கள் படங்களில் பெரும்பாலானவை பூவின் முகமாகத்தான் இருக்கும். செடியை அடையாளம் காட்டுவதோ பல நேரங்களில் இலையும் காயும்தான்.

மஞ்சள் கரிசலாங்கண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். பூங்காக்களில் தரையை மூடப் படரவிடும் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டாவைப் பலர் அந்த மூலிகை என்றே நம்புகிறார்கள். பூ இரண்டிலும் மஞ்சள்தான். ஆனால் அழகுச்செடியின் இலை இருபுறமும் காது வைத்ததுபோல் மூன்று மடலாக இருக்கும்; மூலிகையின் இலை பிரியாமல் ஒடுங்கி நீண்டிருக்கும். கீரையாகச் சாப்பிடும் செடி என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம். படத்தை மட்டும் நம்பி எதையும் சமையலுக்குப் பறிக்காதீர்கள்.

கீழாநெல்லியிலும் ஒன்றுபோல் தெரியும் இனங்கள் உண்டு. கிளையைத் திருப்பிப் பிடித்து எடுத்தால்தான் வித்தியாசம் காட்டும் காய் தெரியும். வழவழப்பாக, சிறு காம்போடு இருந்தால் ஃபில்லாந்தஸ் அமாரஸ். சொரசொரப்பாக, கிளையோடு ஒட்டியிருந்தால் ஃபில்லாந்தஸ் யூரினேரியா.

ஆகவே முதலில் முழுச்செடியை அது நிற்கும் இடத்தோடு எடுங்கள். அப்புறம் இலை தண்டோடு சேரும் இடம், இலையின் அடிப்பக்கம், பூவின் முன்பக்கம், புல்லி இதழ் (பூவைத் தாங்கும் வெளி இதழ்) தெரியும் பக்கவாட்டுத் தோற்றம், காய். ஒரு படத்திலாவது பக்கத்தில் ஸ்கேல் இருக்கட்டும். உச்சிவெயிலில் மஞ்சளும் சிவப்பும் விவரம் இழந்துவிடும். குடை நிழல் போதும். மிக நெருங்கினால் ஃபோகஸ் ஆகாது, சற்றுப் பின்னால் வந்து 2 மடங்கு ஜூம் செய்யுங்கள். துத்தி மாதிரி மாலையில் மலரும் செடிகளுக்கு அந்த நேரத்தில்தான் போக வேண்டும்.

சரி, பட்டியல். எண்ணைப் படத்துக்குக் கொடுக்காமல் செடிக்குக் கொடுங்கள். எண், தேதி, இடம் எழுதிய துண்டுச்சீட்டை முதலில் படமெடுத்துவிட்டு அந்தச் செடியை எடுங்கள். அடுத்த சீட்டு வரும்வரை உள்ள எல்லாப் படமும் ஒரே செடியுடையது. வீட்டுக்கு வந்ததும் அதே எண்ணை எக்செல் தாளில் ஏற்றுங்கள். கேமராவுக்குத் தெரியாததை அன்றைக்கே எழுத வேண்டும்: உயரம், இலையைக் கசக்கினால் வரும் வாசனை, கிள்ளினால் பால் வருகிறதா, நட்டதா, தானாக முளைத்ததா. தோட்டச் செடியென்றால் நர்சரியில் சொன்ன பெயரையும் நட்ட தேதியையும் சேர்க்கலாம். பெயர் உறுதியில்லையென்றால் ‘ஃபில்லாந்தஸ்’ என்று பேரினத்தோடு, அதாவது அறிவியல் பெயரின் முதல் சொல்லோடு, நிறுத்துங்கள். தப்பான பெயரைவிட அரைப்பெயர் எவ்வளவோ மேல்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிச் சேமிக்காதீர்கள். எடுத்த இடத்தின் விவரம் அழிந்துவிடும். கேபிள் வழியாகக் கணினிக்கு மாற்றுங்கள். செடி, விலங்குகளின் படங்களைப் பதிவுசெய்யும் இணையதளமான ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றினால் வளர்ப்புச் செடிகளை வளர்ப்புச் செடி என்றே குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் தொட்டிச் செடி அந்த ஊரின் காட்டுச்செடியாகப் பதிவாகிவிடும்.

பழைய படங்களை அழிக்க வேண்டாம். நேர வரிசையில் அடுக்குங்கள். ஒரே இடத்தில் சில நிமிட இடைவெளியில் எடுத்தவை பெரும்பாலும் ஒரே செடியாக இருக்கும். தோட்டத்துச் செடிகள் அங்கேயேதான் இருக்கின்றன, அவற்றைப் புதிதாக எடுத்து எண் 1 முதல் தொடங்குங்கள்.