பழைய ஆம்னியின் முன்பக்கச் சத்தம்: மொத்த செட்டையும் மாற்ற வேண்டுமா?

2008 மாடல் ஆம்னி, ஹம்ப் ஏறி இறங்கினால் முன்னால் 'டக் டக்' சத்தம், மெக்கானிக் முன்பக்கம் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சக்கரத்தை ஆட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெங்களூர் அல்சூரில் கேட்டரிங் வேலைக்கு நானும் ஆம்னிதான் ஓட்டுகிறேன். இதில் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்து ஓட்டுகிறோம். எது தேய்ந்தாலும் சத்தம் காலடியில்தான் கேட்கும். காதை நம்பி சாமான் வாங்க முடியாது.

பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்படி சேஸிக்கு ஸ்டாண்டு கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயிண்ட், அதாவது சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் உருண்டை மூட்டு. இடது வலதாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் டை ராட் எண்டை, அதாவது ஸ்டீயரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டைப் பாருங்கள். அப்புறம் டார்ச் அடித்து இந்த மூட்டுகளின் ரப்பர் உறையை (பூட்) பாருங்கள். கிழிந்திருந்தால் உள்ளே இருந்த கிரீஸ் வெளியே வழிந்து, மண்ணோடு சேர்ந்து கறுப்பாக அப்பிக்கிடக்கும். அந்த ஜாயிண்ட் இனி நாள் தாங்காது.

பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் தெரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம். அது கழன்றால் ஓடும்போதே சக்கரம் சாய்ந்துவிடும். புஷ் (இரும்புப் பாகங்கள் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர்) லேசாக வெடித்திருந்தால் சம்பளம் வரும்வரை பொறுக்கலாம், பால் ஜாயிண்ட்டில் பொறுக்கக் கூடாது.

ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) எண்ணெய் வழிந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்ட்ரட்டின் மேலே நடுவில் இருக்கும் நட்டை வீட்டில் கழற்றாதீர்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, அதை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்பிரஸர் போடாமல் திறந்தால் உயிருக்கே ஆபத்து.

பல ஷெட்டுகளில் விட்டுவிடுகிற வேலை ஒன்று இருக்கிறது. லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கை) புஷ் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே முறுக்கி முடித்துவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். முதலில் லேசாக மாட்டி, வண்டி எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு இறுக்கச் சொல்லுங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின்னும் புதிதாகத்தான் போட வேண்டும், பழையதை நிமிர்த்திப் போட விடாதீர்கள்.

சாமானுக்கு பெங்களூர் ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளுக்குப் போகும்போது கழற்றியதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். மாட்டியதும் வீல் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்துவிட்டு அதே ஹம்ப்பில் ஏற்றி இறக்குங்கள். சத்தம் அப்போதும் கேட்டால் ஸ்ட்ரட் மவுண்ட்டை, அதாவது ஸ்ட்ரட் மேலே வண்டியோடு சேரும் இடத்தைப் பாருங்கள்: ஒருவர் நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பட்டும், நீங்கள் ஸ்பிரிங்கில் கை வைக்காமல் மேல்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் அதிர்வு தெரியும்.